தலைக்கு எத்தனை ரூபாய்?



அன்றாடம் வரவு செலவு பார்ப்பவர்கள் நீங்கள். இன்று அரசாங்கத்தின் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். நம் உடல்நலத்துக்காக அரசு தலைக்கு எத்தனை ரூபாய் செலவிடுகிறது?

மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கே பதில் சொல்கிறது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 2013-14இல் ஓர் இந்தியருக்குச் செலவிட்டது 1,042 ரூபாய். 2021-22இல் 3,169 ரூபாய். மும்மடங்கு என்று மகிழ்ந்துவிடாதீர்கள்! விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பாருங்கள். அது கொரோனா தடுப்பூசி போட்ட ஆண்டு என்பதையும் மறவாதீர்கள். அப்போதும் நாட்டின் மொத்த உற்பத்தியில் அது 1.84 சதவீதம்தான். 2025க்குள் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்று 2017 சுகாதாரக் கொள்கையில் எழுதி வைத்ததும் இதே அரசுதான்!

இந்தச் சராசரியும் எல்லோருக்கும் பொதுவானதா? இல்லை. 2019-20 கணக்கில், கேரளம் தலைக்குச் செலவிட்டதில் பாதியைக்கூட உத்தரப்பிரதேசமும் பீகாரும் செலவிடவில்லை. 2020இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை கேரளத்தில் 6, தமிழகத்தில் 13, உத்தரப்பிரதேசத்தில் 38. பெண்கல்வி போன்ற காரணங்களும் இதில் உண்டு. ஆனால் மருத்துவரும் மருந்தும் இல்லாத ஊரில் தாய் யாரிடம் ஓடுவாள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். அதிகம் செலவிடும் கேரளத்திலேயே, 2019-20இல் மொத்த மருத்துவச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு மக்களின் சட்டைப்பையிலிருந்து போனது. முதியோர் அதிகம், தனியார் மருத்துவமனைகளும் அதிகம். ஆகவே எவ்வளவு என்பதோடு, எப்படி என்பதும் முக்கியம்.

வணிகர்களுக்கு இது எளிதில் விளங்கும். மொத்தக் கொள்முதலில் விலை குறையும் அல்லவா? 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அதைத்தான் செய்கிறது. மாநிலம் முழுமைக்கும் டெண்டர் விட்டு, தரம் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்புகிறது. அதே ரூபாயில் கூடுதல் நோயாளிகளுக்கு மருந்து கிடைக்கிறது.

ஒரு நோய் வந்தால் கடையின் முதலே கரைந்துபோகும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! வாங்கும் சோப்புக்கும் வரி கட்டுகிறோம். கட்டிய வரிக்குக் கணக்குக் கேட்பது உரிமை, யாசகமல்ல.

இளைஞர்களே! உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எத்தனை மருத்துவர் பணியிடங்கள்? எத்தனை காலி? எந்த மருந்து இருப்பில் இல்லை? 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கிடைக்கும் பதிலோடு சட்டமன்ற உறுப்பினரைச் சந்தியுங்கள். கேட்காத கடன் வசூலாகாது!