சூரைச்செடியின் அடியில் நம் பிள்ளைகள்



கார்மேல் மலையில் வெற்றி கண்ட எலியா, அடுத்த அதிகாரத்திலேயே உயிருக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, சாவு வந்தால் போதும் என்று ஆண்டவரிடம் மன்றாடுகிறார் (1 அரசர்கள் 19). பெரிய இறைவாக்கினருக்கே அந்த நிலை! ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்க விடுகிறார். வானதூதர் தொட்டு எழுப்பி அப்பமும் தண்ணீரும் தருகிறார். எலியா மறுபடியும் தூங்குகிறார். மறுபடியும் உணவு வருகிறது. அதற்குப் பிறகுதான் ஓரேபு மலைக்கு நாற்பது நாள் பயணம்.

இந்த எலியாவை நம் சமுதாயக் கல்லூரிகளில் பார்க்கலாம். 1995இல் புதுச்சேரியிலும், 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் முயற்சியால் சென்னையிலும் இக்கல்லூரிகள் தொடங்கின. இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் இவை பரவப் பெரிதும் உழைத்தார். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்கள், தேர்வில் தவறியவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் எனப் பலர் இங்கே சேர்கிறார்கள். தொழிற்பயிற்சியோடு வாழ்க்கைத்திறன் கல்வியும் இங்கே ஒரு பாடம். அது வீணாகச் சேர்க்கப்பட்டதல்ல. "நீ எதற்கும் உதவமாட்டாய்" என்று கேட்டுக் கேட்டுக் களைத்த பிள்ளைக்குத் தையலோ கணினியோ கற்பிக்கும் முன், அந்தக் காயத்துக்கு மருந்திட வேண்டியிருக்கிறது.

ஆனால் வகுப்பு மாலையில் முடிந்துவிடும். பிள்ளை திரும்பி வருவது நம் வீட்டுக்கு, நம் பங்குக்கு. அங்கே நாம் என்ன செய்கிறோம்?

நன்றாகப் பேசிய பிள்ளை பேச்சைக் குறைத்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டால், வகுப்புக்குப் போகாமல் சுருண்டு படுத்தால், சோம்பல் என்று திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிடச் சொல்லுங்கள். "மனசுக்குள் என்னப்பா இருக்கிறது? செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. பாரத்தை இறக்கிவைக்க இடம் கிடைக்கிறது. "ஆமாம்" என்று பதில் வந்தால் தனியே விடாதீர்கள்.

"செபம் பண்ணினால் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்புவோரும் நம்மிடையே உண்டு. செபியுங்கள்; கூடவே மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள். மருத்துவரையும் ஆண்டவரே படைத்தார் என்று சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை இன்றே உங்கள் அன்பிய வீடுகளுக்குச் சொல்லுங்கள். சமுதாயக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உங்கள் தெருவில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். மதிப்பெண் கேட்காமல் ஒருமுறை நலம் விசாரியுங்கள்.

வானதூதர் எலியாவிடம் நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. தொட்டார், உணவு தந்தார், இரண்டாம் முறையும் வந்தார். நாமும் இரண்டாம் முறை போவோம்.

இறைவா, களைத்துக் கிடக்கும் எங்கள் பிள்ளைகளைத் தொட்டு எழுப்பும் கைகளாக எங்களை ஆக்கியருளும். ஆமென்.