ஆரோ கிராமத்து வைத்தியர்

ஊரைவிட்டு வெகுதூரம் வந்து வாழ்பவர்கள் நாம். காய்ச்சலோ வயிற்றுவலியோ வந்தால் வெளியூர் என்பது ஒரு பொருட்டாவதில்லை. நாடி எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே அடிக்கிறது. வயிற்றைத் தொட்டு ‘இங்கே வலிக்கிறது’ என்று காட்ட மொழியும் வேண்டியதில்லை. ஆனால் மனம் நோயுற்றால் என் செய்வது? ‘எனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்று நம்மில் ஒருவன் டில்லியிலோ கல்கத்தாவிலோ ஒரு வைத்தியரிடம் சொன்னால், அது கலங்கிய மூளையின் பிதற்றலா, அன்றி அவன் பாட்டி காலத்திலிருந்து வீட்டில் வழங்கிவரும் சாதாரணப் பேச்சா என்பதை அவர் எங்ஙனம் அறிவார்? சொல்லை மொழிபெயர்த்துவிடலாம், சொல்லுக்குப் பின்னால் நிற்கும் ஊரை மொழிபெயர்க்க இயலுமோ?

இந்தக் கேள்வியோடு வாழ்நாளெல்லாம் போராடிய மனநோய் வைத்தியர் ஒருவரைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். அவர் நம் நாட்டினர் அல்லர். பெயர் தாமஸ் அடெயோயே லாம்போ. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள நைஜீரியாவில், அபெயோகூட்டா என்னும் நகரில் 1923ஆம் ஆண்டு பிறந்தவர். அபெயோகூட்டா என்றால் ‘பாறையின் கீழ்’ என்று பொருளாம். ஒலுமோ என்ற பெரும்பாறை ஒன்று அவ்வூரில் ஓங்கி நிற்கிறது. பழைய போர்க்காலங்களில் மக்கள் அதன் அடியில் ஒதுங்கி உயிர் பிழைத்தார்கள். திருச்சிராப்பள்ளியை அறிந்தவர்களுக்கு அந்த ஊரின் தோற்றத்தை மனக்கண்ணில் காண்பது அரிதன்று.

லாம்போ யொருபா இனத்தவர். கடல் கடந்து பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்று 1948இல் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பிச் சிறிது காலம் அரசாங்க வைத்தியராகப் பல ஊர்களில் பணியாற்றினார். பின்னர் மீண்டும் லண்டன் சென்று மனநோய் வைத்தியத்தில் தேர்ச்சி பெற்றார். இதுவரையில் அது அக்காலத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் சென்ற வழிதான், இதில் வியப்பொன்றுமில்லை.

பிரிட்டனுக்குப் படிக்கச் சென்ற நைஜீரிய மாணவர்கள் சிலர் அங்கே மனம் கலங்கி நோயாளிகள் ஆனார்கள். அவர்களைப் பற்றி ஆராயும் பணி லாம்போவுக்குக் கிடைத்தது. அந்த மாணவர்கள் சட்டமும் பொறியியலும் கற்றவர்கள். கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்தவர்கள். ஆயினும் அவர்களுடைய அச்சங்கள் வேறோர் உலகைச் சேர்ந்தவையாக இருந்தன. ஊரிலிருக்கும் பங்காளி சூனியம் வைத்துவிட்டான் என்பான் ஒருவன். முன்னோரின் சாபம் தொடர்கிறது என்பான் மற்றொருவன். ஆங்கிலேய வைத்தியருக்கு இவையனைத்தும் ஒரே குறிப்பில் அடங்கிவிடும் பிரமைகள். லாம்போவுக்கோ அவற்றுள் எது நோய், எது குடும்ப வழக்கம் என்பது காதில் விழும்போதே விளங்கிற்று. தாம் கற்ற நூல்கள் பிழையானவை என்று அவர் கருதினாரல்லர். அவை போதா என்றே கருதினார். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு சிறிதன்று. அவருடைய பிற்கால வாழ்வு முழுதும் அவ்வேறுபாட்டின் மீதே நின்றது.

1954ஆம் ஆண்டில் அவர் பிறந்த ஊரிலேயே, ஆரோ என்ற இடத்தில், புதிய மனநோய் ஆஸ்பத்திரியின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன் அந்நாட்டில் இருந்தவை எத்தகையவை என்பதைச் சொல்ல வேண்டும். யாபாவிலும் கலபாரிலும் ஆங்கில ஆட்சியார் நிறுவிய காப்பகங்கள் இருந்தன. அங்கே காவல் உண்டு, வைத்தியம் அரிது. இரண்டாம் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய சிப்பாய்களை வைத்துக்கொள்வதற்காக, 1944இல், அபெயோகூட்டாவில் லாந்தோரோ என்ற இடத்திலிருந்த சிறைச்சாலையையே காப்பகமாக மாற்றியிருந்தார்கள். சிறையை ஆஸ்பத்திரியாக்குவது எளிது; பெயர்ப்பலகையை மாற்றினால் போதும் அல்லவா!

லாம்போ பொறுப்பேற்றபோது புதிய ஆஸ்பத்திரியின் கட்டடங்கள் முடிந்தபாடில்லை. வேறொருவராயிருந்தால் மேலிடத்துக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்திருப்பார். லாம்போ அருகிலிருந்த கிராமங்களின் தலைவர்களைக் காணச் சென்றார். ‘எம் நோயாளிகளுக்கு உங்கள் வீடுகளில் இடம் தருவீர்களா?’ என்று கேட்டார். வாடகை தருவதாகவும் சொன்னார். அவர்கள் இசைந்தார்கள். கட்டடம் இல்லாத குறைதான் ஆரோவின் புகழுக்கு வித்தாயிற்று.

அந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை உண்டு. நோயாளி தனியே வரலாகாது. தாயோ, தமக்கையோ, தம்பியோ, அத்தையோ, உறவினர் ஒருவரேனும் உடன் வந்து தங்க வேண்டும். அவரே சமைப்பார், துணி துவைப்பார், காலையில் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வார், பிற்பகலில் கிராமத்துக்குத் திரும்ப அழைத்து வருவார். ஆஸ்பத்திரியில் அக்கால வைத்தியம் எல்லாம் நடந்தது. மருந்துகள் உண்டு, மின்சார சிகிச்சை உண்டு, இன்று கைவிடப்பட்டுவிட்ட இன்சுலின் சிகிச்சையும் அன்று உண்டு. சிகிச்சை முடிந்து திரும்பும் நோயாளி பூட்டிய கூடத்துக்குத் திரும்புவதில்லை. அடுப்பு எரியும் வீட்டுக்கு, குழந்தைகள் விளையாடும் முற்றத்துக்குத் திரும்புகிறான். சந்தைக்குப் போகிறான், ஊர்த் திருவிழாவில் ஆடுகிறான். அவன் கலங்கிய வேளையில் ஊரார் ஓடி ஒளிவதில்லை, ஏனெனில் அத்தகையோரைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்குப் பழகிவிட்டது.

ஊராருக்கும் இதனால் பயன் இல்லாமல் இல்லை. வீடுகளை விரிவாக்க ஆஸ்பத்திரி கடன் கொடுத்தது. குழாய்த் தண்ணீர் வந்தது. கொசு ஒழிப்பு நடந்தது. சிலருக்கு ஆஸ்பத்திரியிலேயே வேலையும் கிடைத்தது. கருணையை மட்டும் நம்பி லாம்போ இதைத் தொடங்கவில்லை. இரு தரத்தாருக்கும் ஆதாயம் இருந்தாலன்றி எந்த ஏற்பாடும் நிலைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். புதுக் கூடங்கள் கட்டுவதைக் காட்டிலும் இதற்குச் செலவும் குறைவே.

இனி, அவர்மீது சக வைத்தியர்கள் சினம் கொண்ட விஷயத்துக்கு வருவோம். அவர் நாட்டு வைத்தியர்களைத் தம் பணியில் சேர்த்துக்கொண்டார். யொருபா மக்களிடையே பாபலாவோ என்ற குறிசொல்வோர் உண்டு. ‘மறைபொருளின் தந்தை’ என்பது அப்பெயரின் பொருள். பனங்கொட்டைகளை இட்டுப் பார்த்து, மனப்பாடமாய் வைத்திருக்கும் பாட்டுகளிலிருந்து பொருத்தமானதை ஓதிப் பலன் சொல்வார்கள். நம் ஊரில் சோழி உருட்டுவோரையும் ஏடு பார்ப்போரையும் நேயர்கள் நினைத்துக்கொள்ளலாம். இத்தகையோரை மேனாட்டுப் பட்டம் பெற்ற ஒருவர் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதா என்ற கண்டனம் உள்நாட்டிலும் எழுந்தது, வெளிநாட்டிலும் எழுந்தது.

லாம்போ அவர்களிடமிருந்து பெற்றது என்ன? நோயாளியின் அச்சம் எங்கிருந்து எழுகிறது, எந்தச் சடங்கு தவறியதாக அவன் எண்ணுகிறான், யாரோடு பகை, யாரிடம் குற்ற உணர்ச்சி என்பவற்றை அவர்கள் அரை நாளில் வெளிக்கொணர்ந்துவிடுவார்கள். குடும்பத்தார் சூழ, குற்றத்தை வாய்விட்டுச் சொல்லச் செய்து, பரிகாரமும் செய்வித்து, ‘இனி நீ எம்முள் ஒருவன்’ என்று சேர்த்துக்கொள்ளும் ஆற்றல் அவர்களிடம் இருந்தது. மாத்திரைக்கு அந்த ஆற்றல் இல்லை. ஆயினும் அவர்கள் செய்ததனைத்தையும் லாம்போ அப்படியே ஏற்றாரில்லை. ஆஸ்பத்திரியின் மேற்பார்வையிலேயே அவர்கள் பணியாற்றினார்கள். மருந்து மருந்தாகவே நடந்தது. இந்த எல்லையை மறந்துவிட்டு அவரைப் போற்றுவோர் அவருக்கு நன்மை செய்பவர்கள் ஆகார்.

நாட்டு மருந்தென்றால் வெறும் நம்பிக்கை மட்டுந்தானா என்று கேட்பவர்களுக்கு, நம் நாட்டுச் செய்தி ஒன்று. சர்ப்பகந்தி என்னும் செடியின் வேர், பீகார்ப் பக்கத்தில் நெடுங்காலமாகப் பித்துக்கு மருந்தாக விற்கப்பட்டது. 1931இல் கல்கத்தாவில் கணநாத சேன், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், வெறி மிகுந்த மனநோயிலும் இரத்தக் கொதிப்பிலும் அது பயன்படுவதை எழுதி வெளியிட்டார்கள். உலகம் உடனே செவிசாய்க்கவில்லை. 1952இல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்ற சரக்கைப் பிரித்தெடுத்த பின்னரே மேனாட்டு மனநோய் ஆஸ்பத்திரிகள் அதைக் கைக்கொண்டன. அச்செடியின் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றை மேற்கு ஆப்பிரிக்க நாட்டு வைத்தியர்களும் பித்துக்கே கொடுத்து வந்தார்கள்! பிற்காலத்தில் அதனினும் நல்ல மருந்துகள் வந்து ரிசர்பினை ஒதுக்கிவிட்டன என்பதும் உண்மை.

மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் கொட்டகையில் தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். தர்காவின் அருளை நாடி வந்தவர்கள் அவர்கள். நம்பிக்கை இருந்தது, வைத்தியர் இல்லை. பலரைக் குடும்பத்தார் விட்டுச் சென்றுவிட்டார்கள். ஆரோவில் எவை இருந்தனவோ அவை இங்கே இல்லை. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடுக்கிறது. ஏர்வாடித் தர்காவிலேயே பின்னர் அரசாங்க மனநல வைத்தியர்கள் வந்து பார்க்கும் ஏற்பாடும் உண்டாயிற்று. தொழுகையும் நடக்கும், மாத்திரையும் கிடைக்கும். லாம்போ இதைக் கண்டிருந்தால் அவருக்குப் புதுமையாக இருந்திராது.

உறவினரை உடன் வைத்துக்கொள்ளும் முறை ஆரோவுக்கு மட்டும் உரியதன்று. அதே 1950களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாருக்கு வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்துக் கொடுத்தார். 1957இல் வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய மனநல நிலையத்திலும் குடும்பத்தார் உடன் தங்குவதே விதி.

இது பயன் தந்ததா? உலக சுகாதார நிறுவனம் 1960களின் இறுதியில் ஒன்பது நாடுகளில் 1,202 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கிற்று. நைஜீரியாவின் இபாதானும் நம் ஆக்ராவும் அதில் இடம் பெற்றன. மனச்சிதைவு நோயாளிகளை இரண்டாண்டுகளுக்குப் பின் மீண்டும் பார்த்தபோது, செல்வ நாடுகளைக் காட்டிலும் இபாதானிலும் ஆக்ராவிலும் தேறியவர்கள் மிகுதியாயிருந்தார்கள். காரணம் குடும்பமா, வேலையா, நோயின் போக்கா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபட்டாரில்லை. குடும்பமே என்று அடித்துச் சொல்லிவிட நாமும் துணியோம். நோயாளியை வாட்டும் குடும்பங்களும் உண்டு என்பதை யார் அறியார்?

லாம்போ பின்னர் இபாதான் சர்வகலாசாலையில் பேராசிரியராகவும் துணைவேந்தராகவும் விளங்கினார். உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராக 1988 வரை ஜினீவாவில் பணியாற்றினார். 2004இல் காலமானார். ஆரோ ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. கிராம ஏற்பாடு மட்டும் நாளடைவில் தேய்ந்துவிட்டது.

நம் நிலைக்கு வருவோம். வடக்கே ஒரு நகரில் தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழ் இளைஞன் ஒருவனை நாம் அறிவோம். உறக்கம் கெட்டது, தனக்குத்தானே பேசத் தொடங்கினான். உடனிருந்த நண்பர்கள், ‘கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்’ என்று கேலி பேசினார்கள், பிறகு அஞ்சினார்கள், கடைசியில் ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட முடிவு செய்தார்கள். இரண்டு நாள் பயணம், அந்த நிலையில், தனியே! அடுத்த தெருவிலிருந்த தமிழ் மூதாட்டி ஒருவர்தாம் அதைத் தடுத்தவர். ஊரிலிருந்த தாய்க்குச் செய்தி போயிற்று. இப்பொழுது அத்தகைய வேளையில் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசினால் மத்திய அரசாங்கத்தின் மனநல உதவி தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. 2022 முதல் அது நடந்துவருகிறது. அன்று அந்த வசதி இல்லை.

தாய் வந்தார். ஆஸ்பத்திரிக்கு அருகே ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, மண்ணெண்ணெய் அடுப்பும் இரண்டு பாத்திரங்களுமாய்க் குடியேறினார். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. தாய்க்கு இந்தி தெரியாது. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்ட கடனைச் செலுத்தாமல் விட்டதே மகனை உறுத்திக்கொண்டிருந்தது என்பதை அம்மூதாட்டி இடையிலிருந்து எடுத்துச் சொன்னார். வைத்தியர் சிரிக்கவில்லை. ‘மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடட்டும், அந்தக் கடனையும் ஊருக்குப் போகும்போது செலுத்திவிடுங்கள்’ என்றார். ஏழு மாதம் கழித்து இருவரும் ஊருக்குப் போய்க் கிடா வெட்டிப் பொங்கல் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். பையில் அடுத்த மாதத்து மாத்திரை இருந்தது.