அம்மாவின் அறையில் இருந்த கமெரா



வைத்தியர்களை மேடைக்குக் கூப்பிட்டால் சலரோகம், இரத்த அழுத்தம், முழங்கால் வலி என்று ஏதாவது சொல்வார்கள் என நினைத்திருப்பீர்கள். விழாக் குழுவினரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஐந்து வைத்தியர்கள், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, திரும்பவும் கொப்பி பேனையோடு உட்கார்ந்து ஒரு பாடம் படித்தோம். இணையத்தோடு தொடுக்கப்பட்ட கருவிகளை எப்படிப் பாதுகாப்பது என்பதே அந்தப் பாடம்.

இதற்கு விதை 2017 மே 12, ஒரு வெள்ளிக்கிழமையில் விழுந்தது. எங்களில் ஒருத்தி அன்று இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கடமையில் இருந்தாள். பின்னேரம் கணினிகளை எல்லாம் உடனே நிறுத்தச் சொல்லி அறிவித்தல் வந்தது. 'வனாகிரை' என்ற கப்பம் கேட்கும் மென்பொருள் உலகெங்கும் பரவிய நாள் அது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரி நிர்வாகங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதிக்கப்பட்டன. இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கடதாசியில் எழுதிக்கொண்டு மாடிப்படிகளில் ஓடியதாக அவள் சொன்னாள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போடவேண்டிய இடங்களில் போடவில்லை, அவ்வளவுதான்.

அவள் சொன்ன இன்னொரு விஷயம்தான் எங்கள் மனதில் தங்கியது. மேசைக் கணினிகள் மட்டுமல்ல, சில ஸ்கான் இயந்திரங்களும் முடங்கின. அப்போதுதான் எங்கள் விடுதிகளைத் திரும்பிப் பார்த்தோம். மருந்தேற்றும் பம்ப், கட்டிலோரத்து மொனிற்றர், எக்ஸ்ரே இயந்திரம் எல்லாமே கணினிகள்தான். மருத்துவ பீடத்தில் இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

படிக்க ஆள் தேடியபோது கிடைத்தவள் இதே பாடசாலையில் எங்களுக்குப் பத்து வருடம் பின்னால் படித்த ஒரு தங்கை. கணினிப் பாதுகாப்புத்தான் அவளுக்குத் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸூம் வழியாக வகுப்பு. ரொறன்ரோவில் காலைக் கோப்பி, மெல்பேணில் நடுச்சாமக் கொட்டாவி. அவள் எங்களை அக்கா என்பாள், நாங்கள் அவளை ரீச்சர் என்போம். வீட்டுவேலை செய்யாமல் வந்தால் அந்த அக்கா என்ற சொல்லில் ஒரு கடுமை ஏறும்.

முதல் வீட்டுவேலை இலகுவாகத் தெரிந்தது. "வீட்டில இன்ரநெற்றில தொடுத்திருக்கிற சாமான் எத்தினை எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ அக்கா." ஆறு, ஏழு என்று எழுதிப் போனோம். பிறகு ரவுட்டரின் பட்டியலைத் திறந்து காட்டினாள். ஒருத்தியின் வீட்டில் 19 இருந்தன. ரிவி, பிரின்ரர், பிள்ளையின் கைக்கடிகாரம், மூன்று மின்குமிழ்கள், எப்போதோ மேல்மாடிக்குப் போய்விட்ட ஒரு பழைய கமெரா. நோயாளியின் வரலாற்றைக் கேட்காமல் மருந்து எழுதாத நாங்கள், எங்கள் வீட்டின் வரலாற்றை ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த பாடம் 'மிராய்'. 2016இல் மூன்று அமெரிக்க இளைஞர்கள் எழுதிய மென்பொருள். அதற்குப் பெரிய கெட்டித்தனம் ஒன்றும் தேவைப்படவில்லை. இணையத்தில் திறந்து கிடக்கும் கமெராக்களையும் ரவுட்டர்களையும் தேடும். தொழிற்சாலையிலேயே போட்டு அனுப்பும் 60 சொச்சம் பெயர், கடவுச்சொல் சோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். திறந்தால் உள்ளே போய்விடும். அதன் நிரல் வெளியே கசிந்த பிறகு, அவ்வருடம் ஒக்ரோபர் 21 அன்று இப்படிப் பிடிபட்ட கருவிகள் சேர்ந்து 'டைன்' என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ருவிற்றர், நெற்பிளிக்ஸ் போன்றவை அமெரிக்காவில் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்காமற் போயின. கமெராவை நிறுத்திப் போட்டால் மிராய் அழிந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றாவிட்டால் சில நிமிடங்களிலேயே திரும்ப வந்துவிடும். கிருமித் தொற்று பற்றி எங்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

2017 ஓகஸ்டில் அமெரிக்காவில் சுமார் 465,000 இதயமுடுக்கிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்த கதையை வைத்து ஒரு வகுப்பு முழுவதும் வாதாடினோம். சத்திரசிகிச்சை தேவையில்லை. நோயாளி கிளினிக்குக்கு வந்தால் மூன்று நிமிடத்தில் முடியும். அந்த நேரம் கருவி நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற மாற்று நிலையில் இயங்கும். ஆனால் திருத்தம் பிழைத்துப்போக மிகச் சிறிய வாய்ப்பு உண்டு. யாருடைய இதயமுடுக்கியும் அதுவரை தாக்கப்பட்டதாகத் தகவல் இல்லை. அப்படியானால் எல்லாருக்கும் போடுவதா? கருவியையே முழுக்க நம்பி உயிர்வாழும் நோயாளிக்கு என்ன சொல்வது? வைத்தியரும் நோயாளியும் பேசித் தீர்மானிக்கவேண்டும் என்றே அங்கும் சொல்லப்பட்டது. அது சரி என்று நாங்களும் தலையாட்டினோம்.

அந்தத் தலையாட்டலை நினைத்து அடுத்த கிழமையே வெட்கப்பட்டோம்.

சொந்தக் கருவிகளை மட்டுமே சோதிக்கலாம், பிறருடையதை அனுமதியின்றித் தொட்டால் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றம் என்று ரீச்சர் எச்சரித்திருந்தாள். எனவே எங்களில் ஒருத்தி, தானே காசு கொடுத்து யாழ்ப்பாணத்து வீட்டில் பூட்டுவித்த கமெராவைச் சோதித்தாள். அம்மா அங்கே தனியே இருக்கிறார். ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகு படுக்கையறையில் பூட்டியது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து கொடுத்த யோசனை அது. எத்தனையோ நோயாளிகளின் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லியிருக்கிறோம்.

பெயர் 'அட்மின்'. கடவுச்சொல், பெட்டிக்குள் வந்த கையேட்டில் அச்சடித்திருந்த அதே எண்கள். வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் ஒரு வாசலும் திறந்துவிடப்பட்டிருந்தது. நான்கு வருடங்கள். யாராவது உள்ளே வந்தார்களா என்று பதிவுகளைப் பார்த்தோம். பழையவை எல்லாம் அழிந்து, கடைசிச் சில நாட்கள் மட்டுமே மிச்சம்.

சொல்லாமல் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு இருக்கலாம். அப்படிச் செய்வோமா என்று யோசித்தோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம். கடைசியில் மகள் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அப்ப இந்த நாலு வருசமும் ஆர் ஆர் பார்த்தவை, பிள்ளை?"

தெரியாது என்றாள் மகள்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அம்மா சொன்னார்: "எனக்கு அதைப் பூட்டின அண்டைக்கே விருப்பமில்லை. நீ அங்க கிடந்து யோசிப்பாய் எண்டுதான் வாய் திறக்கேல்லை. நான் உடுப்பு மாத்திறது குசினிக்கை."

ஓர் ஊசி போடுவதற்கும் நோயாளியின் சம்மதம் கேட்பவர்கள் நாங்கள். அந்த அறைக்குள் ஒரு கண்ணை வைப்பதற்கு யாரும் அவரிடம் கேட்கவில்லை. இணையத்தில் வரும் முகம் தெரியாத கள்ளனைப் பற்றி ஆறு கிழமை படித்தோம். வயதான பெண் ஒருவரைத் தன் வீட்டிலேயே குசினிக்குள் ஒதுங்க வைத்தவர்கள் நாங்கள்தான்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிகளிலும் கொஞ்சம் தொல்லை கொடுக்கத் தொடங்கினோம். புதுக் கருவி வாங்கும் கூட்டங்களில், கடவுச்சொல்லை மாற்றலாமா, திருத்தங்கள் எத்தனை வருடத்துக்கு வரும், கெட்டுப்போனால் இணையமில்லாமல் கையால் இயக்கலாமா என்று கேட்கிறோம். விற்பனைப் பிரதிநிதிகள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பரவாயில்லை. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் போட்டு வீட்டுக் கருவிகளை விற்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. எவ்வளவு காலத்துக்குத் திருத்தம் தருவோம் என்பதையும் அறிவிக்கவேண்டும். ஊருக்குச் சாமான் கொண்டுவரும் லண்டன் தங்கைமார் அந்தத் திகதியைப் பார்த்து வாங்குங்கள். கமெராவையும் ரிவியையும் விருந்தினருக்கென ரவுட்டரில் உள்ள தனி இணைப்பில் போடுங்கள். பூட்ட வந்த கடைப்பொடியன் போன கையோடு கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

அந்த வீட்டுக் கமெரா இப்போது படலையைப் பார்த்தபடி இருக்கிறது. அம்மாவின் கழுத்தில், அவரே சம்மதித்துப் போட்டுக்கொண்ட ஓர் அவசர அழைப்புப் பொத்தான். கமெராவின் கடவுச்சொல்லை அம்மாவே வைத்தார். மகளுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. அதில் படலை மட்டும் தெரியும். பிரதான கடவுச்சொல் என்னவென்று மகள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். ரீச்சர் ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றவ என்று அம்மா சொல்லிவிட்டார்.