கெண்டியில் மிஞ்சிய தேயிலை



விக்டோரியா மகாராணி 1837 முதல் 1901 வரை ஆண்டார். அந்த 63 ஆண்டுகளில் மக்கள் வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் கிடைத்திருக்கும் சில நிமிடங்களுக்குள் அடைக்க முடியாது. ஆகவே இன்றைக்கு லண்டன் மட்டும். அதிலும் ஒரு செல்வர் வீட்டுத் தேநீர்க் கெண்டியின் அடியில் மிஞ்சும் தேயிலைச் சக்கை மட்டும். அது போன வழியே நாமும் போனால், மாடியில் இருந்தவர்களையும் தெருவில் இருந்தவர்களையும் ஒருசேரப் பார்த்துவிடலாம்.

1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னாவுக்குச் சாயங்காலத்தில் பசியெடுத்ததாம். இரவு விருந்துக்கோ இன்னும் நெடுநேரம் இருந்தது. தேநீரும் ரொட்டியும் வரவழைத்தார், தோழிகளும் சேர்ந்துகொண்டார்கள். மாலைத் தேநீர் விருந்து அப்படித்தான் பிறந்தது என்பார்கள். தேயிலை அப்போது சீனாவிலிருந்து கப்பலேறி வந்தது. 1853 வரை ஒரு ராத்தல் எடைத் தேயிலைக்கு அரசாங்க வரி மட்டுமே 2 ஷில்லிங்குக்கு மேல். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். இந்தக் கணக்கை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே தேவைப்படும்.

1861இல் வெளியான திருமதி பீட்டனின் இல்லப் பராமரிப்பு நூல், வேலைக்காரர்களின் சம்பளத்தைப் பட்டியலிடுகிறது. ஒரு வீட்டின் எல்லா வேலையையும் ஒருத்தியாகவே இழுத்துப்போட்டுச் செய்யும் பணிப்பெண்ணுக்கு ஆண்டுக்கு 9 முதல் 14 பவுன். தேயிலை, சர்க்கரை, பீர் ஆகியவற்றுக்கென்று தனிப்படி கொடுக்கும் வீடு என்றால் ஏழரை முதல் 11 பவுன்தான். ஒரு வாய்த் தேநீர் கூடச் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது! விடியுமுன் எழுந்து கணப்படுப்புகளைத் துடைத்து, அறை அறையாக நிலக்கரி சுமந்து, வெந்நீரை மாடிக்குத் தூக்கிச் சென்றவள் அவள்.

எசமானி குடித்து மிஞ்சிய சக்கை, ஈரத்தோடு தரைவிரிப்பின் மேல் தூவப்படும். தூசி அதில் ஒட்டிக்கொள்ள, பணிப்பெண் பெருக்கி எடுப்பாள். அப்படித் தூவாத சக்கைக்கு வேறு வாழ்வு காத்திருந்தது. அதைச் சொல்லுமுன் ஒரு மனிதரை அறிமுகப்படுத்த வேண்டும்.

ஹென்றி மேஹ்யூ. பத்திரிகையாளர். 1849இல் லண்டனைக் காலரா உலுக்கியபோது 'மார்னிங் கிரானிக்கிள்' நாளிதழுக்காக ஏழைகளின் குடியிருப்புகளுக்குள் நடந்தார். கூலிக்காரர்களையும் தெரு வியாபாரிகளையும் உட்காரவைத்து, என்ன கிடைக்கிறது, என்ன சாப்பிடுகிறாய், எங்கே படுக்கிறாய் என்று கேட்டு, அவர்கள் பேசியதைப் பேசியபடியே எழுதினார். அந்தக் காலத்து மந்திரிகளின் உரைகளைக் காட்டிலும் அவர் எழுதிவைத்த பேச்சுகளுக்கு மதிப்பு அதிகம்.

சக்கை வாங்குகிறவர்கள் என்றே ஒரு கூட்டம் இருந்ததை அவர் பதிவு செய்திருக்கிறார். விடுதிகளிலிருந்தும் காப்பிக் கடைகளிலிருந்தும், நாள்கூலிக்கு வீடு துடைக்கப்போன பெண்களிடமிருந்தும் சக்கை சேரும். அதைச் சூடான தகட்டில் உலர்த்தி, சாயமேற்றி, புதுத் தேயிலை என்று விற்றார்கள். சட்டம் தடுத்தும் வியாபாரம் நடந்தது. மாடியில் ஒருமுறை கொதித்து முடிந்ததை ஏழை காசு கொடுத்து வாங்கி மறுபடி கொதிக்கவைத்தான்.

சக்கை மட்டுமா? இறைச்சி வாட்டும்போது உருகி வடிந்த கொழுப்பைச் சமையற்காரி பின்வாசலில் விற்பாள், அது ஏழையின் ரொட்டிக்கு வெண்ணெயாகும். கிழிந்த கம்பளித் துணி யார்க்ஷையரின் பாட்லி, டியூஸ்பரி ஆலைகளுக்குப் போய்ப் பஞ்சாகி, மறுபடி துணியாக வரும். தெருவில் நாய் போட்டுவிட்டுப் போனதையும் விடவில்லை. வாளி கணக்கில் பொறுக்கி பெர்மாண்ட்சி தோல் பதனிடும் கூடங்களில் கொடுத்தால் ஒரு வாளிக்கு 8 முதல் 10 பென்ஸ். தோலில் ஊறிய சுண்ணாம்பை நீக்கி மென்மையாக்க அது வேண்டும். சீமாட்டிகளின் மெல்லிய கையுறைத் தோல் பதப்பட்டது அதில்தான்.

இன்னொன்று கேளுங்கள். குப்பைமேடுகளில் பெண்கள் இடுப்பளவு சாம்பலில் நின்று சல்லடை பிடித்தார்கள். சலித்த சாம்பல் செங்கல் சூளைக்கு. அதில் அகப்பட்ட பழைய செருப்புகளோ, பிரஷ்ய நீலம் என்னும் சாயம் செய்கிறவர்களுக்கு. அர்தர் ஹில் ஹஸ்ஸல் என்ற மருத்துவர் 1851 முதல் 'லான்செட்' இதழில் உணவுக் கலப்படங்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்து அம்பலப்படுத்தினாரே, அவர் பச்சைத் தேயிலையில் கண்ட நிறப்பொடிகளில் பிரஷ்ய நீலமும் ஒன்று.

மேஹ்யூ சந்தித்தவர்களில் மறக்கவே முடியாதவள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. தெருவில் கீரை விற்றவள். குளிர்காலத்திலும் மெல்லிய பருத்திக் கவுன், நைந்த சால்வை. விடியற்காலை நாலுக்கும் ஐந்துக்கும் இடையே ஃபாரிங்டன் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசி வாங்குவாள். பேரத்தில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற பெருமை அவளுக்கு உண்டு. குழாயடியில் கீரையைக் கட்டுக்கட்டாகக் கட்டி, ஒரு பென்னிக்கு நாலு கட்டு என்று கூவுவாள். ரொட்டியும் தேநீரும் ஆகாரம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இறைச்சி. பூங்காவுக்குப் போனதுண்டா என்று கேட்டார் மேஹ்யூ. தன்னைப் போன்றவர்களை உள்ளே விடுவார்களா என்று அவள் திருப்பிக் கேட்டாள். மிட்டாய்க்கு ஆசைப்படுவது குழந்தைகளின் வேலை, பிழைக்க வேண்டியவளுக்கு அது எதற்கு என்பது அவள் எண்ணம். அன்றைய லண்டன் எப்படியிருந்தது என்று கேட்பவருக்கு இந்த ஒரு சிறுமியைச் சொன்னால் போதும்.

நேரம் ஓடிவிட்டது, தேயிலையின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1865இல் தேயிலை வரி 6 பென்ஸாக இறங்கியது. 1875இல் கலப்படத்துக்கு எதிராக வலுவான சட்டம் வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டம் போட்டார். 1890இல் தாமஸ் லிப்டன் அங்கே தோட்டங்களை வாங்கினார். தொழிலாளியின் வீட்டிலும் நல்ல தேநீர் மலிவாகக் கொதித்தது. அந்தக் கொழுந்தைப் பறித்தவை தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய நம் பெண்களின் கைகள்.

கீரை விற்ற சிறுமியிடம் பேச ஒரு மேஹ்யூ வந்தார். நம்மவர்களிடம் பேச நாம்தான் போக வேண்டும். இலங்கை மலைநாட்டிலோ வால்பாறையிலோ நீலகிரியிலோ தேயிலைத் தோட்டத்தில் பாடுபட்ட பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே அவர்களோடு உட்காருங்கள். என்ன கூலி, என்ன சாப்பாடு, எந்த லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே எழுதி வையுங்கள்.