கடனல்ல, சில்லறை

52லிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து வீட்டில் ஒன்று கடன் வாங்கு, ஐந்து நாலாச்சு, இரண்டு பன்னிரண்டாச்சு, பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து, நாலில் இரண்டு போனால் இரண்டு, விடை 25. இந்தப் பாட்டைக் கேட்காமல் தொடக்கப்பள்ளியைத் தாண்டியவர்கள் நம்மில் குறைவு. விடை சரிதான். அதில் வரும் 'கடன்' என்ற சொல்தான் தவறு. வாங்கிய கடனை யாரும் திருப்பித் தருவதில்லை. அங்கே ஒன்று குறைந்தால் இங்கே பத்து கூடுகிறது. இது எந்த ஊர்க் கடன்? ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் வைத்திருப்பவர், கடையில் 27 ரூபாயைச் சரியாக எண்ணிக் கொடுக்க வேண்டுமானால் என்ன செய்வார்? ஒரு தாளைச் சில்லறையாக மாற்றுவார். கையில் இருக்கும் பணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 52 இப்போது நாற்பதும் பன்னிரண்டுமாக இருக்கிறது, அவ்வளவுதான். கடனல்ல, சில்லறை. இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு, எனக்கு மிகவும் பிடித்த ஒரு நூலைக் காட்டுவேன். சீனக் கிராமம் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு அமெரிக்கா சென்று ஆய்வு செய்த லிப்பிங் மா 1999இல் வெளியிட்ட நூல் அது. 23 அமெரிக்க ஆசிரியர்களும் 72 சீன ஆசிரியர்களும் ஒரே நான்கு கேள்விகளுக்குச் சொன்ன பதில்களை அவர் ஒப்பிட்டார். முதல் கேள்வியே இதைப் போன்ற கழித்தல்தான்: இதை எப்படிக் கற்பிப்பீர்கள்? அமெரிக்கர்களில் பெரும்பாலோர் கடன் வாங்கும் முறையைப் படிப்படியாக விளக்கினார்கள். சீன ஆசிரியர்களில் பெரும்பாலோர் 'மேல் அலகை அவிழ்ப்பது' என்று பேசினார்கள். அது மணிச்சட்டத்திலிருந்து வந்த வழக்கு. கூட்டும்போது பத்து ஒன்றுகள் சேர்ந்து ஒரு பத்தாகின்றன. கழிக்கும்போது அந்தப் பத்து அவிழ்ந்து ஒன்றுகளாகிறது. கூட்டலும் கழித்தலும் ஒரே கதவின் இரண்டு பக்கங்கள் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த அமெரிக்கர்கள் கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள். சீன ஆசிரியர்களோ மொத்தமாகப் பதினோரு, பன்னிரண்டு ஆண்டுகளே படித்தவர்கள். உயர்கணிதம் தெரிந்திருப்பது வேறு. இரண்டாம் வகுப்புக் கணக்கின் அடி ஆழம் தெரிந்திருப்பது வேறு. நூல் முழுக்க லிப்பிங் மா காட்டுவது இதைத்தான்.

சரி, பத்து அவிழ்வதை வகுப்பில் எப்படிக் காட்டுவது? ஒரு கட்டு ஈர்க்குச்சி போதும். 52 குச்சிகளைக் குழந்தையே எண்ணட்டும். பத்துப் பத்தாகக் குழந்தையே கட்டட்டும். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இப்போது 27 குச்சி கொடு என்று கேளுங்கள். இரண்டு கட்டை எடுத்துக் கொடுத்துவிடும். ஏழு உதிரிக்கு வரும்போது கை நிற்கும். அந்த நிற்கும் நொடிதான் பாடம். ஆசிரியர் அங்கே வாய் திறக்கக் கூடாது. குழந்தை தானாக ஒரு கட்டின் நூலை அவிழ்க்கும். 'இரண்டு பன்னிரண்டாச்சு' என்பது மந்திரம் இல்லை, அவிழ்ந்து கிடக்கும் குச்சிகள் என்று அப்போது தெரியும். சில பிள்ளைகள் அவிழ்த்த பத்திலிருந்தே ஏழைக் கொடுத்துவிட்டு, மீந்த மூன்றைப் பழைய இரண்டோடு சேர்ப்பார்கள். அதுவும் சரியே, தடுக்காதீர்கள். பணத்தை நான் குச்சிக்குப் பிறகுதான் வைப்பேன். பத்து ரூபாய்த் தாளைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே பத்து ஒரு ரூபாய் இருக்காது. கட்டை அவிழ்த்தால் பத்துக் குச்சி இருக்கும்.

நம் பழைய தமிழ் எண்முறையில் இந்தக் கட்டு கண்ணுக்குத் தெரியும்படியே இருந்தது. 52ஐ ௫௰௨ என்று எழுதினார்கள்: ஐந்து, பத்து, இரண்டு. பத்துக்குத் தனி எழுத்து, நூறுக்குத் தனி எழுத்து. இன்று எழுதும் முறை கணக்குப் போட வசதியானது, மறுக்கவில்லை. ஆனால் அதில் பத்து என்பது எழுத்தாக இல்லாமல் வெறும் இடமாக ஒளிந்துகொண்டது. ஒளிந்ததை வெளியே எடுத்துக் காட்டுவது ஆசிரியரின் வேலை. நம் பாடநூல்கள் 'இனமாற்றம்' என்ற நல்ல சொல்லைத் தந்திருக்கின்றன. கரும்பலகைக்கு வந்ததும் அது மறுபடி கடனாகிவிடுகிறது.

நாமெல்லாம் கடன் வாங்கித்தான் கழித்தோம், என்ன கெட்டுப்போனோம் என்பார்கள். தேறியவர்கள்தான் இப்படிக் கேட்கிறார்கள். கணக்கென்றாலே ஓடியவர்கள் கேட்பதில்லை. பிள்ளைகளின் கழித்தல் தவறுகளை அலசி, ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் எழுதினார்கள்: இத்தவறுகளில் பல கவனக்குறைவால் வருவன அல்ல, குழந்தை தானே வகுத்துக்கொண்ட ஒரு தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறது. 52லிருந்து 27 போனால் 35 என்று எழுதும் பிள்ளை, பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது. விதி மட்டும் தெரிந்தால் விதிதான் பிசகும். 300லிருந்து 128ஐக் கழிக்கச் சொல்லுங்கள்: பக்கத்து வீடும் காலி, கடன் எங்கே வாங்குவது? கட்டை அவிழ்த்துப் பழகிய பிள்ளைக்கு நூறின் கட்டுக்குள் பத்துக் கட்டுகள் இருப்பது தெரியும். குச்சியே கதி என்று ஆகிவிடாதா என்பது இன்னொரு பயம். ஆகாது: முதலில் குச்சி, பிறகு குச்சியின் மேல் ஒரு துணி, பிறகு படம், கடைசியில் எண் மட்டும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. ஆனால் இரண்டாம் வகுப்பில் மிச்சம் பிடித்த நேரத்தை நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் அதே கழித்தலுக்குத் திரும்பச் செலவிடுகிறோமே. நிமிடத்தில் இத்தனை கணக்கு என்று வேகத்தை விற்கும் வகுப்புகளுக்குப் பிள்ளையை அனுப்புவோர், அந்த வேகத்துக்குள் ஒரு கட்டு அவிழ்கிறதா என்று பார்க்கட்டும்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளையை ஒரு கழித்தல் கணக்குப் போடச் சொல்லுங்கள். கடன் வாங்கும் இடத்தில் நிறுத்தி, எவ்வளவு வாங்கினாய் என்று கேளுங்கள். 'பத்து' என்றால் கவலையில்லை. 'ஒன்று' என்றால், விடை சரியாக இருந்தாலும், விளக்குமாற்றிலிருந்து சில ஈர்க்குச்சிகளை உருவி எடுங்கள்.