விடுமுறை நாட்களில் நம் கேட்டுதான் முதல் செக்போஸ்ட்

(டிசம்பர் மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட், தண்ணீர் தொட்டி எல்லாம் பேசி முடித்தாயிற்று. எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. 29 வருடம் ஸ்டியரிங் பிடித்தவன் என்ற முறையில் சில விஷயங்களை உங்கள் முன் வைக்கிறேன். கடைசியில் மூன்று கோரிக்கை இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கலைந்து போங்கள்.

இன்னும் சில நாளில் கிறிஸ்துமஸ். அடுத்து புதுவருடம், அதற்கடுத்து பொங்கல். இந்த நாட்களில் நம்ம ஊர்ச் சாலையில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். சபரிமலை போய்விட்டு அப்படியே கன்னியாகுமரிக்கு வரும் ஐயப்பமார் வேன்கள். சூரிய உதயம் பார்க்க வரும் சுற்றுலா பஸ்கள். கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊருக்கு வரும் நம் பிள்ளைகளின் கார்கள். இத்தனைக்கும் நடுவில், கடைக்குப் போகும் நம் ஸ்கூட்டர்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 2023-ம் ஆண்டு தமிழ்நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 18,347 பேர். நாளுக்கு ஐம்பது பேர். எனக்கு அது பஸ் கணக்கில்தான் புரியும். உட்கார இடமுள்ள அத்தனை பேரும் ஏறிய ஒரு பஸ், தினமும் ஒன்று என்று போயிருக்கிறது. பண்டிகை அன்றும் போயிருக்கிறது.

ஊருக்கு வரும் பிள்ளைகள்

சென்னையிலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். டிக்கெட் கிடைக்காத பிள்ளைகள், வேலை முடிந்த கையோடு இரவில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பகல் முழுக்க ஆபீஸில் உழைத்த உடம்பு அது. விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் எப்பேர்ப்பட்ட ஓட்டுநருக்கும் கண் சொருகும். கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தைக் கொஞ்ச நேரம் ஏமாற்றும், அவ்வளவுதான். கடந்துவந்த ஊர் எதுவென்று நினைவில்லை என்றாலோ, வண்டி கோட்டை விட்டு விலகினாலோ, பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி இருபது நிமிடம் தூங்கத்தான் வேண்டும். வேறு மருந்து கிடையாது.

இதில் வீட்டிலிருக்கும் நமக்கும் பங்கு இருக்கிறது. அரை மணிக்கொரு தடவை போன் போட்டு, "எங்க வந்திருக்கே மக்ளே?" என்று கேட்கிறோம். ஓட்டிக்கொண்டிருப்பவன்தான் அந்தப் போனை எடுக்கிறான். "பொங்கல் பானை வைக்கதுக்குள்ள வந்திரு" என்கிறோம். அந்த ஒரு சொல்லுக்காக அவன் இருபது நிமிடத் தூக்கத்தை விட்டுவிடுகிறான். இந்த முறை வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள். "மெதுவா வா, நீ வந்த பிறகு பானை வைக்கோம்." பானை காத்திருக்கும், ஒன்றும் கெட்டுப்போகாது.

இன்னொன்று, காவல்கிணறு வரை நால்வழிச்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்தவனுக்கு, அங்கே இறங்கி நாகர்கோவில் ரோட்டைப் பிடித்த பிறகு அறுபது என்பது ஊர்வது போலத் தோன்றும். நெடுநேரம் வேகமாக ஓட்டிய எல்லோருடைய கண்ணும் அப்படித்தான் ஏமாறும். ஆனால் ஆரல்வாய்மொழி, தோவாளை, வெள்ளமடம் எல்லாம் ஆள் நடமாடும் ஊர்கள். பொங்கல் நேரத்தில் தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுமுன்பே ஆள் வரத்து இருக்கும். நாற்பதில் போகும் கார், பிரேக் பிடித்தால் இருபது மீட்டரில் நிற்கும். எண்பதில் போனால் நிற்க அறுபது மீட்டர் பக்கம் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் மூன்று மடங்கு. வீடு நெருங்கிவிட்டது என்ற நினைப்பில் ஓட்டும் கடைசி 20 கிலோமீட்டருக்குத்தான் வேகமானியைப் பார்த்து ஓட்டச் சொல்லுங்கள்.

பக்கத்திலதானே

தூரப் பயணத்துக்கு டயர் பார்க்கிறோம், ஆயில் பார்க்கிறோம், கோயிலில் தேங்காயும் உடைக்கிறோம். வடசேரிச் சந்தைக்குப் போக என்ன பார்க்கிறோம்? "பக்கத்திலதானே" என்று லுங்கியோடு, வெறும் தலையோடு கிளம்புகிறோம்.

2022-ல் இந்தியா முழுக்க ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல, பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். நம் வீட்டுப் பெண்களை நினைத்துப் பாருங்கள். ஓட்டுகிற ஐயாவுக்கு ஹெல்மெட் இருக்கும், பின்னால் புடவையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு இருக்காது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பதுதான் சட்டம். சரியாகப் போட்ட ஹெல்மெட் சாவின் வாய்ப்பை 42 சதவீதம் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சரியாக என்றால், கொக்கி மாட்டியிருக்க வேண்டும். கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட் கண்ணாடியைத்தான் காப்பாற்றும்.

விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மருமகனோ மச்சினனோ வருகிறார். முட்டத்துக்கோ சொத்தவிளைக்கோ போய்வர உங்கள் பைக்கைக் கேட்கிறார். வண்டி அவருக்குப் புதிது, ரோடும் புதிது. நம்ம ஊர் உள்ரோடுகள் பலதும் குளத்தங்கரையும் கால்வாய்க்கரையும்தான். வளைவில் சறுக்கினால் விழுவதற்கு மண்தரை கூட இருக்காது, நேரே தண்ணீர். வண்டி இரவல் கேட்டவருக்கு ஹெல்மெட்டையும் கையில் கொடுங்கள்.

காரில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பின்சீட்டில் இருப்பவரும் பெல்ட் போட வேண்டும். 2022 செப்டம்பரில் மும்பைக்குப் பக்கத்தில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலை உயர்ந்த கார்தான், ஆனால் பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தார். குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காருகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். இடிக்கும்போது எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது.

சாவி யார் கையில்

அடுத்துச் சொல்வது சிலருக்குக் கசக்கும். பண்டிகை என்றால் சில வீடுகளில் குடியும் உண்டு. குடித்தவர் சாவியைக் கேட்கும்போது தர மறுப்பது நமக்குச் சங்கடமாக இருக்கிறது. அதிலும் வீட்டு மாப்பிள்ளை கேட்டால், இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். அவருடைய உயிரைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது? சாவியை முன்கூட்டியே வாங்கி, பூஜை அறையிலோ அலமாரியிலோ வைத்துவிடுங்கள். ஆட்டோ கூப்பிடுங்கள். குடித்து ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. எதிரே வருகிறவன் உயிருக்கு யார் அபராதம் கட்டுவது?

பத்தாம் வகுப்புப் பையன் காம்பவுண்டுக்குள் ஸ்கூட்டர் ஓட்டிப் பழகுவதை நாம் ரசிக்கிறோம். லீவு விட்டால் அவனையே பால் வாங்க அனுப்புகிறோம். லைசென்ஸ் வாங்கும் வயதாகாத பிள்ளை விபத்து உண்டாக்கினால், பெற்றவருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடையாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் இப்படிச் சொல்கிறது.

நடந்துவிட்டால்

நம் கேட்டுக்கு வெளியே யாராவது அடிபட்டுக் கிடந்தால், தயவுசெய்து போனில் படம் எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033-ம் உண்டு. போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமோ என்ற பயம் வேண்டாம். உதவி செய்தவரைத் தொந்தரவு செய்யக்கூடாது, பெயரைச் சொல்லும்படிக்கூடக் கட்டாயப்படுத்தக்கூடாது. இதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

பணம் யார் கட்டுவது என்றும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கிய யாருக்கும் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்கும். எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. கேரளத்திலிருந்து விருந்துக்கு வந்தவருக்கும் பொருந்தும்.

மூன்று கோரிக்கை

தாய்லாந்து நாட்டில் புதுவருடத்துக்கும் சோங்க்ரான் பண்டிகைக்கும் ஏழு ஏழு நாளை 'ஆபத்தான ஏழு நாட்கள்' என்று அறிவித்து, இறந்தவர் எண்ணிக்கையைத் தினமும் வெளியிடுகிறார்கள். போலீஸ் மட்டுமல்ல, கிராமத்துக்காரர்களே தெருமுனையில் மேசை போட்டு உட்கார்ந்து, குடித்து வருகிறவனைப் பேசி வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். போலீஸ் நிறுத்தினால் முறைப்பவன், பக்கத்து வீட்டுப் பெரியவர் நிறுத்தினால் கேட்பான். நம்மிடம் மேசை போடவே வேண்டாம், கேட் இருக்கிறது.

ஒன்று. சங்கச் செலவில் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நான்கு ஹெல்மெட் வாங்கி வாட்ச்மேன் அறையில் வைப்போம். விருந்தாளிகள் எடுத்துப் போய்த் திருப்பி வைக்கட்டும்.

இரண்டு. ஹெல்மெட் இல்லாதவரையும் சின்னப் பிள்ளைகளையும் நிறுத்திக் கேட்கும் அதிகாரத்தை வாட்ச்மேனுக்குத் தீர்மானமாக எழுதிக் கொடுப்போம். அவர் நம்மிடம் சம்பளம் வாங்குகிறவர், தானாகக் கேட்க அவருக்குத் தைரியம் வராது. அவர் கேட்டால் யாரும் கோபப்படக்கூடாது. நானும் சேர்த்துத்தான்.

மூன்று. கேட்டில் இருந்து ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு குவி கண்ணாடி வைப்போம். விருந்தாளிகளின் காரை இரவில் மெயின் ரோட்டோரம் நிறுத்தாமல், பண்டிகை முடியும் வரை உள்ளே இடம் ஒதுக்கிக் கொடுப்போம். இருட்டில் நிற்கும் கார் வருகிறவன் கண்ணில் படாது.

பஸ் ஓட்டும்போது, கடைசி ஆள் இறங்கும் வரை என் வேலை முடியாது. பண்டிகைக்கு நம் வீட்டுக்கு வருகிறவர்களும் நம் பயணிகள்தான். அவர்கள் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தோம் என்று போன் பண்ணும் வரை நம் பண்டிகை முடிவதில்லை.

மூன்றுக்கும் சம்மதம் என்பவர்கள் கை தூக்குங்கள்.