நின்று நின்று போனால் புகை கூடும்



ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் சுகியாமாவும் அவருடைய கூட்டாளிகளும் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப்பாதையில் 22 கார்களை ஓடவிட்டார்கள். எல்லோரும் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகவேண்டும், அவ்வளவுதான். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே மாடும் வரவில்லை. ஆனாலும் சற்று நேரத்தில் வண்டிகள் திணற ஆரம்பித்தன. ஒருவர் இம்மியளவு வேகத்தைக் குறைக்க, பின்னால் வருபவர் சுதாரித்து இன்னும் கொஞ்சம் குறைக்கிறார். அப்படியே பின்னுக்குப் போகப் போக, ஒருவர் நின்றேவிடுகிறார். 2008-இல் வெளியான ஆய்வு இது. கார்கள் முன்னே போகின்றன, நெரிசல் மட்டும் அலையாகப் பின்னே நகர்கிறது. நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தபின், “விபத்து ஒன்றும் இல்லையே, எதற்கு நின்றோம்?” என்று குழம்புகிறோமே, அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

இந்த அலைக்கும் புகைக்கும் நெருங்கிய உறவு. நின்ற வண்டியைக் கிளப்ப ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சினுக்குச் சுமை ஏறுகிறது. உள்ளே வெப்பம் கூடி, காற்றில் சும்மா கிடந்த நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகிறது. அடுத்த நொடியே பிரேக்!

இந்தப் புகையைக் கணக்கிடும் பழைய முறைகள் சராசரி வேகத்தை மட்டுமே கேட்டன. ஒரு கார் 30-இல் சீராகப் போகிறது. இன்னொன்று பாதி நேரம் 60-இல் பாய்ந்து, மீதி நேரம் நிற்கிறது. இரண்டுக்கும் சராசரி ஒன்று. ஆகவே புகையும் ஒன்று என்றது கணக்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ‘மூவ்ஸ்’ என்ற கணினி மாதிரி அப்படி ஏமாறுவதில்லை. வேகம், அது ஏறி இறங்கும் விதம், சாலையின் ஏற்றம், வண்டியின் எடை ஆகியவற்றை வைத்து, எஞ்சின் நொடிக்கு நொடி எவ்வளவு உழைக்கிறது என்று பார்க்கிறது.

2016-இல் அரிசோனாவின் டூசான் நகரில் மீண்டும் ஒரு வட்டம். 20 சொச்சம் கார்கள். ஒன்று மட்டும் தானியங்கி. அது முண்டியடிக்காமல், முன்னால் இடம் விட்டு, ஒரே வேகத்தில் ஓடியது. அலை அடங்கிப்போனது. பதிவான வேகங்களை மூவ்ஸில் போட்டுப் பார்த்தால், எல்லா வண்டிகளுக்கும் சேர்த்துக் கரியமில வாயு 15 சதவீதம் குறைந்திருந்தது. நைட்ரஜன் ஆக்சைடுகளோ 73 சதவீதம்.

நம் ஊரில் இந்த வித்தை அப்படியே பலிக்காது. முன்னால் ஒரு கார் நீளம் இடம் விட்டால் ஷேர் ஆட்டோ மூக்கை நுழைத்துவிடும். அதனால்தான் சென்னை ஐஐடி போன்ற இடங்களில், தடம் பார்க்காத இந்தக் கலப்பு ஓட்டத்துக்கென்றே தனி மாதிரிகளை உருவாக்குகிறார்கள். பஸ், பைக், ஆட்டோ ஒவ்வொன்றின் நீள அகலமும் அங்கே கணக்கில் வரும்.